நாளெண்ணிப் பெயரிடப்படும் நோய்: குறுங்கால உளப்பிறழ்வின் வகைப்பாடும் தமிழ்க் கலைச்சொற்களும் – செம்பரம்பாக்கம் தொழில்தடத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

திடீரெனத் தோன்றிச் சில நாள்களிலோ வாரங்களிலோ முற்றும் நீங்கி, சிலரிடம் காலம் கழித்து மறுபடியும் வரும் உளப்பிறழ்வை எந்த நோயாக வகைப்படுத்துவது என்பது உளமருத்துவத்தில் நெடுங்காலச் சிக்கலாகும். உலக வகைப்பாடுகள் இந்நோயை முதன்மையாக நாள்கணக்கால் வரையறுக்கின்றன. அந்த நாள்கணக்கின் ஆதாரம் எத்தகையது என்பதையும், இந்நோய்க்குத் தமிழில் வழங்கும் சொற்கள் அதன் குறுங்காலத் தன்மையை எவ்வாறு மறைக்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. செம்பரம்பாக்கம் முதல் ஒரகடம் வரையிலான தொழில்தடத்தில் பணிபுரிவோரின் ஈட்டுறுதி, இடப்பெயர்வு ஆகியன இச்சிக்கலோடு கொள்ளும் தொடர்பும் பேசப்படுகிறது.

முதன்மைச்சொற்கள்: குறுங்கால உளப்பிறழ்வு, நோய் வகைப்பாடு, மறுவரவு, கலைச்சொல்லாக்கம், ஈட்டுறுதி, செம்பரம்பாக்கம்.

முன்னுரை

பூந்தமல்லிக்கு மேற்கே சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீருக்குப் பெயர்பெற்றது. அவ்வேரியைக் கடந்து மேற்கே செல்வோர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், அங்கிருந்து ஒரகடம் எனத் தொடரும் தொழிற்பேட்டைகளைக் காண்பர். ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. இவ்வாலைகளைச் சார்ந்து ஏரிக்கரைச் சிற்றூர்களில் வாடகை அறைகளும் விடுதிகளும் பெருகின. வட மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், சார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த இளையோர் அங்குத் தங்கி முறைமாற்றுப் பணிக்குச் செல்கின்றனர்.

இத்தகைய ஓர் அறையில் நிகழக்கூடிய நேர்வொன்றைக் கருதுவோம். இது விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டதே. எவருடைய மருத்துவக் குறிப்பிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த 23 வயது ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் இரவுப்பணி வாரத்தில் மூன்று நாள் உறங்கவில்லை. நான்காம் நாள், ஆலையின் விளக்குகள் தமக்குச் சைகை காட்டுவதாகக் கூறுகிறார். காலையில் அளவுகடந்து மகிழ்கிறார். நண்பகலில் அஞ்சி நடுங்குகிறார். மாலையில் தாம் இருக்கும் இடம் எது என வினவுகிறார். அறைத்தோழர்கள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். ஐந்தாவது வாரத்தில் அவர் பழைய நிலைக்குத் திரும்புகிறார். பதினெட்டு மாதம் கழித்து, வேறோர் ஆலையில் பணிபுரியும்போது, ஏறத்தாழ இதே நிகழ்வு மறுபடியும் நிகழ்கிறது. இவருக்கு வந்த நோயின் பெயர் என்ன?

இவ்வினாவை மருத்துவ நோக்கில் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆய்வாளர் தமிழ் மருத்துவக் கலைச்சொற்களை ஆராய்பவர், மருத்துவர் அல்லர். எனினும் பெயரிடுதல் மொழிச்செயல் ஆதலின், அப்பெயர் எந்த அடிப்படையில் இடப்படுகிறது என வினவும் உரிமை மொழியாய்வுக்கு உண்டு.

இருமையில் அடங்காத நோய்

எமில் கிரேப்பலின் 1899-இல் உளப்பிறழ்வுகளை இரு பெரும்பிரிவுகளாக வகுத்தார். முன்னிலை நோக்கிச் சிதையும் நோய் ஒன்று. இடைவிட்டு வந்து நீங்கும் பித்து–சோர்வு நோய் மற்றொன்று. பின்னர் முன்னது மனச்சிதைவு எனவும் பின்னது இருதுருவ மனநிலை நோய் எனவும் வளர்ந்தன. இவ்விருமையில் அடங்காத நோயாளர்களை ஒவ்வொரு நாட்டு மருத்துவரும் கண்டனர். தத்தம் மொழியில் பெயரிட்டனர். பிரான்சில் மாஞ்ஞானும் அவர்தம் மாணவர் லெக்ரேனும் 1880-களில் இதனைத் திடீர் மருட்சி வீச்சு என்னும் பொருள்பட வழங்கினர். டென்மார்க்கில் விம்மர் 1916-இல் உளத்தூண்டலால் எழும் பிறழ்வு என்றார். செருமனியில் கிளைஸ்டும் அவருக்குப்பின் லியோனார்டும் சுழல்வட்ட உளப்பிறழ்வு என்றனர். லியோனார்டு 1957-இல் அதனை அச்சம்–மகிழ்ச்சி, குழப்பம், இயக்கம் என மூவகைப்படுத்தினார்.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பெயர் நோய் தோன்றும் விரைவைக் கூறுகிறது. டேனியப் பெயர் காரணத்தைக் கூறுகிறது. செருமன் பெயர் நோய் செல்லும் வடிவத்தைக் கூறுகிறது. இவற்றுள் எதுவும் நாள்கணக்கைப் பெயருக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. நாளெண்ணும் வழக்கம் பிற்காலத்தது. அமெரிக்க வகைப்பாடான டி.எஸ்.எம்.-3, 1980-இல் குறுங்கால எதிர்வினை உளப்பிறழ்வுக்கு இரண்டு வாரம் என எல்லை வகுத்தது. 1987-இல் வந்த திருத்தப் பதிப்பு அதனை ஒரு மாதமாக நீட்டியது. ஏழாண்டில் எல்லை இருமடங்காயிற்று என்பது அவ்வெல்லையின் உறுதிப்பாடு குறித்து நமக்குச் சிலவற்றை உணர்த்துகிறது.

இந்தியக் களங்கள் தந்த சான்று

இந்நோய்க்குத் தனியிடம் வேண்டும் என்னும் கருத்து உலக அரங்கில் நிலைபெற்றதில் இந்திய மருத்துவர்களின் பங்கு பெரிது. தமிழில் எழுதப்படும் உளநலக் கட்டுரைகள் இதனைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. என்.என். விக், குர்மீத் சிங் ஆகிய இருவரும் 1967-இல் இந்தியப் பயன்பாட்டிற்கென ஒரு வகைப்பாட்டை முன்மொழிந்தனர். அதில், காரணம் தெளிவுறாத திடீர் உளப்பிறழ்வுக்கு மனச்சிதைவிலிருந்து வேறான ஓரிடம் ஒதுக்கப்பட்டது. ஐரோப்பிய நூல்களில் கண்ட இருமையைத் தம் புறநோயாளர் பிரிவில் காண இயலாத மருத்துவர்களின் முடிவு அது.

பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பிகானேர், கோவா, பாட்டியாலா, வேலூர் ஆகிய நான்கு இடங்களில் திடீர் உளப்பிறழ்வு குறித்த கூட்டாய்வை நடத்தி 1989-இல் அறிக்கை வெளியிட்டது. 323 நோயாளர் ஆராயப்பட்டனர். ஓராண்டுத் தொடர்நோக்கின் முடிவில் நான்கில் மூவர் மறுவரவின்றி முழு நலம் பெற்றிருந்தனர். நான்கு களங்களுள் ஒன்றான வேலூர், செம்பரம்பாக்கத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இச்சான்று நம் நிலத்திலிருந்தும் எடுக்கப்பட்டது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டாய்வில் இடம்பெற்ற சண்டிகர்க் களம் மேலும் வளமானது. எஸ்ரா சஸ்ஸர், வி.கே. வர்மா முதலியோர் அக்களத்து நோயாளர்களைப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் கண்டு, 1998-இல் முடிவுகளை வெளியிட்டனர். திடீர்க் குறுங்கால உளப்பிறழ்வு எனப் பிரிக்கப்பட்டோருள் 6 விழுக்காட்டினரிடமே, அதாவது ஒருவரிடமே, நோயின் எச்சம் காணப்பட்டது. நோய் தணிந்த பிற உளப்பிறழ்வினரிடம் இது 50 விழுக்காடாக இருந்தது. ஆராயப்பட்டோரின் எண்ணிக்கை சிறிது. எனினும் வேறுபாடு மிகப் பெரிது. அப்பன்னாட்டாய்வின் தரவுகளைக் கொண்டு 1994-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரை, இத்தகைய நோயின் நிகழ்வு தொழில்வள நாடுகளைவிட வளரும் நாட்டுக் களங்களில் ஏறத்தாழ 10 மடங்கு எனவும், ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு எனவும் காட்டியது.

சண்டிகர்த் தரவின் மூன்றாம் கூறே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. மொச்தபாய், வர்மா, சஸ்ஸர் மூவரும் 2000-இல், இந்நோய் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைக் கணக்கிட்டனர். மிகுதியானோருக்கு நோய் இரண்டு முதல் நான்கு மாதம் வரை நீடித்தது. பெரும்பாலோர் 28 வாரத்திற்குள் நலம் பெற்றனர். வகைப்பாட்டு நூல்கள் வகுத்த ஒரு மாதம், மூன்று மாதம் என்னும் எல்லைகளை நோயின் இயல்பான காலம் தாண்டிச் செல்வதை இது புலப்படுத்தியது. இருப்பினும் எல்லை மாறவில்லை.

எல்லை என்னும் முடிவு

ஐ.சி.டி.-10 (1992) இந்நோயைத் திடீர், கடந்துசெல்லும் உளப்பிறழ்வு என ஏற்றது. இரண்டு வாரத்திற்குள் முழுத்தோற்றம் பெற வேண்டும் என்றது. மனச்சிதைவு அறிகுறிகள் உடன்வரின் ஒரு மாதம், அவை இல்லாத பல்லுருவ வகைக்கு மூன்று மாதம் என வெவ்வேறு எல்லை இட்டது. டி.எஸ்.எம்.-5 (2013) ஒரு நாளுக்குக் குறையாமலும் ஒரு மாதத்திற்கு மேற்படாமலும் நீடித்து, முன்னிருந்த நிலைக்கு முற்றும் திரும்புதல் வேண்டும் என்கிறது. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஐ.சி.டி.-11, அறிகுறிகள் நாளுக்கு நாளோ ஒரே நாளுக்குள்ளோ மாறிக்கொண்டிருக்கும் பல்லுருவ வகையை மட்டும் இத்தலைப்பின்கீழ் வைத்துக்கொண்டது. எல்லையை மூன்று மாதம் என்றது. முதல்முறை, பன்முறை என இரு உட்பிரிவும் தந்தது.

முன்னுரையில் கண்ட தொழிலாளரை இவ்வளவுகோல்களின் முன் நிறுத்துவோம். நோய் தோன்றிய ஐந்தாம் நாளில் அவருக்கு இடப்படும் எப்பெயரும் தற்காலிகமானதே. ஏனெனில் நோய் எப்போது நீங்கும் என்பது எவருக்கும் தெரியாது. ஐந்தாவது வாரத்தில் நலம் பெற்றதால் டி.எஸ்.எம். எல்லையை அவர் சில நாள்களால் தவறவிட்டார். மனச்சிதைவு போன்ற நோய் என்னும் வேறு தலைப்புக்குள் செல்கிறார். ஐ.சி.டி.-11-இன்படியோ அவர் எல்லைக்குள் இருக்கிறார். ஒரே மனிதர், ஒரே நோய், ஒரே மருந்து. ஆனால் மருத்துவரின் மேசையில் எந்நூல் உள்ளது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இங்கு நோயறிதல் என்பது உண்மையில் நோய் முடிந்தபின் எழுதப்படும் வரலாறாகும். நோயாளிக்கோ, குடும்பத்திற்கோ, ஆலை மேலாளருக்கோ பெயர் தேவைப்படுவது நோயின் நடுவில்.

செம்பரம்பாக்கத்தில் வாழ்வோர்க்கு எல்லைகளின் இயல்பு புதிதன்று. ஏரியின் முழு ஆழம் 24 அடி. ஆனால் 2020 நவம்பரில் நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியை எட்டிய அளவிலேயே மதகுகள் திறக்கப்பட்டன. 22 என்னும் எண் நீரின் இயல்பில் இல்லை; 2015 வெள்ளத்தைக் கண்டவர்களின் அச்சத்திலும் பொறுப்பிலும் உள்ளது. அவ்வெண் தவறென்பது கருத்தன்று. அது மனிதர் எடுத்த முடிவு என்பதை மதகைத் திறப்பவர் அறிவார். நோய் வகைப்பாட்டில் 30, 90 ஆகிய எண்களைக் கையாள்வோரிடம் அத்தெளிவு எப்போதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஐ.சி.டி.-11 பல்லுருவ வகையை மட்டும் வைத்துக்கொண்டதற்குத் தக்க காரணம் உண்டு. ஐ.சி.டி.-10-இன் தலைப்பு பரந்து கிடந்தது. அதன்கீழ் வந்தோரில் ஒரு பகுதியினர் பின்னாளில் மனச்சிதைவுக்கோ மனநிலை நோய்க்கோ மாற்றப்பட்டனர். 2006-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியிட்ட தொடர்நோக்காய்வும் பெரும்பாலோரிடம் நோய்ப்பெயர் நிலைத்ததையும், ஒரு சாராரிடம் மாறியதையும் பதிவு செய்தது. தலைப்பைச் சுருக்கினால் நிலைப்பு கூடும் என்பது வகைப்பாட்டாளர் வாதம். இவ்வாதத்தை ஏற்பதில் ஆய்வாளருக்குத் தயக்கம் உள்ளது. பெயர் மாறுவதைக் குறைப்பதற்காகப் பெயருக்கு உரியோரைக் குறைப்பது பெயரைக் காக்கிறது. விலக்கப்பட்டோரை என்ன செய்வது என்னும் வினாவைத் தீர்க்கவில்லை. பல்லுருவம் இல்லாமல் திடீரெனத் தோன்றி இருபது நாளில் நீங்கும் நோயுடையவர் இப்போது ‘பிற குறிப்பிட்ட’ என்னும் எச்சத் தலைப்புக்குச் செல்கிறார். எச்சத் தலைப்பில் இருப்போரை எந்த ஆய்வும் தனியே தொடர்வதில்லை.

‘தீவிரம்’, ‘நிலையின்மை’, ‘மீளல்’

இனித் தமிழுக்கு வருவோம். மருத்துவ ஆங்கிலத்தில் ஒரு நோய் விரைந்து தோன்றியதைக் குறிக்க ஒரு சொல்லும், அது கடுமையானது என்பதைக் குறிக்க வேறொரு சொல்லும் உண்டு. தமிழில் இவ்விரண்டும் பெரும்பாலும் ‘தீவிர’ என்றே பெயர்க்கப்படுகின்றன. சார்ஸ் நோயின் ஆங்கிலப் பெயரில் அவ்விரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதனைத் தமிழாக்கியோர் ‘கடுமையான தீவிர’ என இரு கடுமைச் சொற்களை அடுக்கினர். விரைவு என்னும் பொருள் எங்கும் வெளிப்படவில்லை. நுரையீரல் நோயில் இக்குழப்பம் பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். உளநோயில் செய்கிறது. நெடுங்காலம் நீடித்து வாழ்வைச் சிதைக்கும் நோய்களைத் தொகுத்துத் ‘தீவிர மனநோய்’ என்கிறோம். திடீரெனத் தோன்றி விரைவில் நீங்கும் நோயையும் ‘தீவிர மனநோய்’ என்றே எழுதுகிறோம். வரையறைப்படி எதிரெதிரான இரண்டும் தமிழில் ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றன.

எதிர்ச்சொல்லில் இவ்விடர் இல்லை. நெடுங்கால நோயை ‘நாட்பட்ட நோய்’ என்கிறோம். அச்சொல்லில் நாள் வெளிப்படையாகவே உள்ளது. வெகுகாலமாக வழங்கும் அச்சொல்லுக்கு இணையாக, விரைவைக் காலத்தால் சுட்டும் சொல்லைக் கலைச்சொல்லாக்கம் பொதுவழக்கில் நிறுத்தத் தவறியுள்ளது.

அடுத்தது ‘நிலையற்ற’. கடந்துசெல்லும் இயல்பைக் குறிக்க இச்சொல் பயன்படுத்தப்படுகிறது. செல்வம் நிலையற்றது எனும்போது அது நீங்கும் என்பது பொருள். ஆனால் ‘நிலையற்ற உளப்பிறழ்வு’ எனும்போது படிப்போர் நோய் நீங்கும் என்று கொள்வதில்லை. உள்ளம் நிலைகுலைந்தது என்றே கொள்கின்றனர். அடைமொழி நோயிலிருந்து நழுவி நோயாளியின் மேல் விழுகிறது.

மூன்றாவது சொல் மேலும் நுட்பமானது. ‘மீள்’ என்னும் அடி திரும்புதலைக் குறிக்கும். ‘நோயிலிருந்து மீண்டார்’ என்பது நலத்தைச் சொல்கிறது. ‘நோய் மீண்டது’ என்பது நலக்கேட்டைச் சொல்கிறது. ‘மீள்வரு’, ‘மீட்சி’, ‘மீளும்’ முதலிய வடிவங்கள் மருத்துவத் தமிழில் இரு பொருளிலும் வழங்குகின்றன. ‘மீளும் உளப்பிறழ்வு’ என்று எழுதினால் அது திரும்பத் திரும்ப வரும் நோயா, நலமடையத்தக்க நோயா? இந்நோயில் இரண்டும் உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். மருத்துவக் குறிப்பில் இரண்டும் ஒரு சொல்லாக இருத்தல் கூடாது.

இவற்றோடு ‘மனச்சிதைவு’ என்னும் சொல்லையும் சேர்த்து நோக்க வேண்டும். நாளிதழ்களிலும் விழிப்புணர்வுக் கையேடுகளிலும் நன்கு வேரூன்றிய சொல் அது. சிதைவு என்பது மீட்க இயலாமையை உணர்த்தும் சொல். மண்கலம் சிதைந்தால் மறுபடியும் கலம் ஆவதில்லை. ஐந்து வாரத்தில் நலம் பெற்ற தொழிலாளர், நூல் மாறியதால் ‘மனச்சிதைவு போன்ற நோய்’ உடையவர் ஆகிறார் எனக் கண்டோம். ‘போன்ற’ என்னும் உவமவுருபு அவரது ஊரில் எத்தனை நாள் தாங்கும்?

பிடித்தலும் விடுதலும்

பேச்சு வழக்கு இந்நோயை வேறு வகையில் சொல்கிறது. ‘பேய் பிடித்தது’, ‘கிறுக்குப் பிடித்தது’, ‘பித்துப் பிடித்தது’ என்பன அனைத்தும் வினைத்தொடர்கள். சளியும் காய்ச்சலும் பிடிப்பது போன்றே இவையும் பிடிக்கின்றன. காய்ச்சல் விடுவது போன்றே விடுகின்றன. நோய் இங்கு நேர்வாக அமைகிறது. தொடக்கமும் முடிவும் வினையிலேயே அடங்கியுள்ளன. ‘மனநோயாளி’ என்னும் பெயர்ச்சொல்லில் முடிவு இல்லை. ‘ஜன்னி கண்டது’ என்னும் வழக்கும் இவ்வாறே. காய்ச்சலோடு வந்து காய்ச்சலோடு போகும் மனக்குழப்பத்தை அது தனியே பிரித்து நிறுத்துகிறது. வடஇந்தியக் களங்களில் திடீர் உளப்பிறழ்வுக்கு முன் காய்ச்சல் வந்திருந்ததை 1999-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தபின், உடல்நோயால் வரும் குழப்பத்தையும் இந்நோயையும் பிரிக்கும் கோடு மேலும் கவனத்துக்குரியதாயிற்று. சித்த மருத்துவத்தில் அகத்தியர் பெயரால் வழங்கும் மானிடக் கிறுக்கு நூல் 18 வகை கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. அவ்வகைப்பாட்டுக்கு அடிப்படை முக்குற்றம், நாள்கணக்கன்று.

நாள்கணக்கு நம் மரபில் வேறோரிடத்தில் உண்டு. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் மனநலம் குன்றியோர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கும் வழக்கம் உள்ளது. இவ்வெண்ணைச் சண்டிகர்த் தரவோடு ஒப்பிட்டால் ஒன்று புலனாகும். திடீர் உளப்பிறழ்வு உடையோரில் ஒரு பகுதியினர் 48 நாளுக்குள் தாமே நலமடையக்கூடியவர்கள். ஆகவே மண்டலத்தின் முடிவில் நலம் பெற்ற ஒருவரைக் கொண்டு இறையருளையோ, மருந்தையோ, காலத்தையோ தனியே பிரித்து அறிய இயலாது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் ரகுராமும் பிறரும் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான சான்று தருகிறது. 31 பேர் சராசரியாக ஆறு வாரம் தங்கினர். அறிகுறி அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அவர்களுள் 23 பேர் மனச்சிதைவு உடையோர், 6 பேர் மருட்சி நோய் உடையோர், 2 பேர் இருதுருவ நோய் உடையோர். குறுங்கால உளப்பிறழ்வு உடையோர் எனப் பிரிக்கப்பட்டவர் எவருமிலர். எனவே அக்குறைவைத் தானே நீங்கும் நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிட இயலாது.

பேச்சுவழக்கைப் புகழ்வது இப்பகுதியின் நோக்கமன்று. ‘பிடித்தது’ என்னும் அதே வினைதான் சங்கிலிக்கும் வழிவகுத்தது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் கட்டப்பட்ட நிலையில் 28 பேர் தீயில் மாண்டனர். வினைத்தொடர் நோயின் முடிவை மொழியளவில் ஏற்கிறது. முடியும்வரை என்ன செய்வது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

91 நாளும் இரண்டாண்டும்

தொழில்தடத்தில் பெயரின் விளைவு பணமாக மாறும் இடம் ஈ.எஸ்.ஐ. திட்டம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர் இதன்கீழ் வருவர். நோயுற்ற காலத்திற்கு ஊதியத்தில் 70 விழுக்காடு வீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை உதவித்தொகை உண்டு. அதற்கு மேல் நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை கிடைக்கும். இந்நீட்டிப்புக்கு உரிய 34 நோய்களின் அட்டவணையில், உளப்பிறழ்வு என்னும் தலைப்பின்கீழ் மனச்சிதைவு, உள்ளெழு சோர்வுநோய், பித்து–சோர்வு உளப்பிறழ்வு, மறதிநோய் ஆகியன உட்பிரிவுகளாக உள்ளன. குறுங்கால உளப்பிறழ்வு இல்லை.

ஒரு நோக்கில் இது சரியே. குறுங்கால நோய்க்கு நீண்டகால உதவி எதற்கு? 91 நாளும் ஐ.சி.டி.யின் மூன்று மாதமும் ஏறத்தாழ ஒன்றே. தற்செயலாக இரு கணக்கும் பொருந்துகின்றன. ஆனால் சண்டிகரில் கண்டவாறு நோய் நான்கு மாதம் நீடிப்பவர் 91 நாளைத் தாண்டுகிறார். அவருக்கு உதவி தொடர வேண்டுமானால் அட்டவணையில் உள்ள பெயரொன்று வேண்டும். கைக்கெட்டும் பெயர் மனச்சிதைவு. இரக்கமுள்ள மருத்துவர் அப்பெயரை எழுதக்கூடும். அது அவருக்கு ஊதியத்தைத் தரும். அதே தாள் அவரது பணியைப் பறிக்கவும் கூடும். மறுவரவு உடையவருக்கு இன்னொரு சிறு இழப்பும் உண்டு. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாள் கடந்தபின் வரும் ஒவ்வொரு நோய்க்காலத்திலும் முதல் 2 நாளுக்கு உதவித்தொகை இல்லை. தொடர்ந்து ஒரே நோயில் இருப்பவர் ஒருமுறை இழப்பதை, இடையிடையே நலம் பெறுபவர் ஒவ்வொரு முறையும் இழக்கிறார். உதவிக்குத் தகுதி பெற ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருத்தல் வேண்டும். ஒப்பந்தம் இடையில் முறிந்தவர் இந்நிலையை எட்டாமற்போகலாம்.

காரணம் குறித்த வகைப்பாட்டின் நோக்கும் தொழில்தடத்தில் வினாவுக்குள்ளாகிறது. ஐ.சி.டி.-10 இந்நோயை உடனடி மன அழுத்தத்தோடு தொடர்புடையது, தொடர்பற்றது எனக் குறியிடச் சொன்னது. உறவினர் இறப்பு, துணையையோ பணியையோ எதிர்பாராமல் இழத்தல், திருமணம், போர் அதிர்ச்சி முதலியன எடுத்துக்காட்டுகள். நீண்டகாலமாக இருந்துவரும் இடர்களை இக்கணக்கில் சேர்க்கலாகாது என அந்நூலே விலக்குகிறது. முறைமாற்றுப் பணி, உறக்கமின்மை, பத்துப் பேர் பகிரும் அறை, நீட்டிக்கப்படுமா என அறியாத ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் நீண்டகால இடர்களே. எனவே நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளரின் தாளில் ‘அழுத்தத் தொடர்பு இல்லை’ என்றே பதிவாகும். ஐ.சி.டி.-11 இக்குறியீட்டை நீக்கியது. கேள்வியையும் சேர்த்தே நீக்கிவிட்டது.

சட்டம் இங்குச் சற்றே முன்னே நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, உலக நலவாழ்வு நிறுவனத்தின் அண்மைய வகைப்பாடு உள்ளிட்ட ஏற்கப்பட்ட தரங்களின்படியே மனநோய் தீர்மானிக்கப்பட வேண்டும் என்கிறது. முன்பு சிகிச்சை பெற்றதோ மருத்துவமனையில் தங்கியதோ மட்டுமே ஒருவருக்கு இன்றோ நாளையோ மனநோய் உள்ளது என முடிவுசெய்யப் போதாது எனவும் அதே பிரிவு கூறுகிறது. நோய்ப்பெயருக்குக் காலாவதி உண்டு என்பதைச் சட்டம் ஏற்கிறது எனலாம். பணியமர்த்தும் இடத்தில் மருத்துவத் தகுதிச் சான்று கேட்போர் அதனை அறிந்திருக்க வேண்டும்.

பெயருக்கான பரிந்துரை

‘திடீர்க் குறுங்கால உளப்பிறழ்வு’ என்னும் தொடரைப் பொதுவழக்கிற்குப் பரிந்துரைக்கலாம். ‘தீவிர’ என்பதைக் கடுமைக்கு மட்டும் ஒதுக்கி, தோற்ற விரைவுக்குத் ‘திடீர்’ என்பதை நிறுத்தினால் முதற்குழப்பம் நீங்கும். ‘திடீர்’ பேச்சுச்சொல் எனச் சிலர் மறுக்கலாம். நோயாளியின் தாய் படித்துப் பொருள் கொள்ளும் சொல்லாக இருப்பது கலைச்சொல்லுக்குக் குறையாகாது. ‘நிலையற்ற’ என்பதைத் தவிர்த்துக் ‘குறுங்கால’ என்பதைக் கொள்ளலாம். திரும்ப வருவதை ‘மறுவரவு’ எனவும், நலமடைதலை ‘நலமீட்சி’ எனவும் பிரித்தால் ‘மீள்’ இரு பொருள் தருவது தவிர்க்கப்படும். ஐ.சி.டி.-11-இன் உட்பிரிவுகளை ‘முதல்முறை’, ‘பன்முறை’ என எளிதில் சொல்லலாம்.

சொல்லைவிடப் பயன்தரக்கூடியது ஒன்று உண்டு. மருத்துவமனை தரும் தமிழ்க் குறிப்பில் நோய்ப்பெயரோடு அது தோன்றிய நாளும் நீங்கிய நாளும் எழுதப்படின், எந்நூலின் எல்லையை எவர் வைத்தாலும் பின்வரும் மருத்துவர் தாமே கணக்கிட்டுக்கொள்வார். மறுவரவின்போது வேறு ஊரில், வேறு மாநிலத்தில் அத்தாளைக் காண்பவர்க்கு அது முதல்முறையன்று என்பதும், முன்னம் முழுநலம் கிடைத்தது என்பதும் ஒருங்கே புலப்படும். இவ்விரு நாள்களுள் முதலாவதை அறைத்தோழர்கள் சொல்லிவிடுவர். இரண்டாவது எழுதப்படும் வேளையில் தொழிலாளர் பெரும்பாலும் தம் ஊரில் இருப்பார். ஆகவே அதனை எழுத வேண்டியவர் செம்பரம்பாக்கத்திலோ கீழ்ப்பாக்கத்திலோ உள்ள மருத்துவர் அல்லர். ஊருக்கு அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருப்பவர். குறிப்பின் கடைசி வரி அவருக்காக வெறுமையாக விடப்பட வேண்டும். அவர் படிக்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும்.